பதினெட்டாம் எண்ணுக்கு ஒரு குரல்

என் அருமைக் கோபக்காரிக்கு,

உன் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கியது நான்தான். காற்றோடு உன் பரீட்சையும் நம் பேச்சும் சேர்ந்து போகும் என்று நினைக்கவில்லை. மூன்று வாரமாகிவிட்டது.

நேற்று பள்ளியில் போர் நினைவு நாள். வழக்கம்போல, போருக்குப் போய்த் திரும்பாத வகுப்பின் பழைய வருகைப் பதிவேட்டை வாத்தியார் வாசித்தார். அதே எண்ணுள்ள நாங்கள் அவர்களுக்காக எழுந்து "உள்ளேன் ஐயா" சொன்னோம். பதினேழுக்கு நான் சொன்னேன். பதினெட்டுக்குச் சொல்ல நீ வரவில்லை.

அந்தப் பதினேழும் பதினெட்டும் ஒரே பெஞ்சாம். ஒரே நாளில் செத்தார்களாம். நம்மைவிட இரண்டே வயது மூப்பு. மேடையில் எல்லோரும் சமாதானம், சமாதானம் என்றார்கள். கீழே நான் காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உனக்காக எத்தனையோ முறை குரலை மாற்றிக் கள்ள வருகை கொடுத்திருக்கிறேன். நேற்று பதினெட்டுக்கும் என் சொந்தக் குரலிலேயே எழுந்து சொன்னேன்.

வாத்தியார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ரெண்டு பேருக்கும் நீயேவாம்மா?"

"அவ வர்ற வரைக்கும் சார்."

"அப்ப போய்க் கூட்டிட்டு வா."

வந்துவிட்டேன். இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு இங்கேயேதான் நிற்கிறேன். மன்னித்துவிடு. முடியாவிட்டால் கதவைத் திறந்து திட்டவாவது செய்டீ.

வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்,
உன் பக்கத்து இருக்கைக்காரி