தொட்டுக் கும்பிட்ட கதவு

ஆவணி 2, திங்கள். காலை 6.10

தண்ணீர் போதும். காற்று போதும். அரிசி மாதக் கடைசி வரை வரும். துவரம்பருப்பை மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இதைப் பின்னால் யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். இது நிலவின் தென்முனையில் உள்ள பனி நிலையம். இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம், பள்ளத்தில் இறங்கிப் பனி வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறார். நான் செண்பகவல்லி. சமையலும் இருப்புக் கணக்கும் என் பொறுப்பு.

இங்கே பொத்தான் என்று ஒன்று கிடையாது. சுவரெல்லாம் தொடுகண்ணாடி. அடுப்பு, குழாய், கதவு எல்லாவற்றுக்கும் விரல் பட வேண்டும். நாம் பேசுவது அதற்குக் கேட்கும். ஆனால் வெறும் பேச்சுக்கு எதையும் திறக்காது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொட்டுத் தொட்டுத்தான் பழகினேன். இதைப் பென்சிலில் எழுதுகிறேன். கண்ணாடியில் எழுதினால் அது என் வார்த்தையைத் திருத்துகிறது.

உள்கதவில் இருக்கும் கண்ணாடிதான் பெரியது, பூமி தெரியும் பக்கம். காலையில் செந்தூர் முருகன் படத்தை அதில்தான் வரவழைப்பேன். இன்று பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "திற" என்ற குறி சரியாக அந்தப் பாதத்தில்தான் வருகிறது. வெளிக்கதவு திறந்துவிட்டது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருக்கும் காற்றறையில் அவர் நின்றிருந்தார்.

"ஏட்டி வல்லி, சாமி கும்பிடுதியா, இல்ல என்னைய வெளிய தள்ளுதியா? இப்பந்தான் தலக்கவசத்த மாட்டுனேன்!"

காலை 6.40

கண்ணாடி கேட்டது: "இந்தத் தொடுகை எதற்கு?"

"சாமிக்கு. கும்பிட்டு முடிக்கும்வரை சும்மா இரு" என்று எழுதினேன்.

பெயரே வைத்துவிட்டது: "வணக்கத் தொடுகை. கற்றுக்கொண்டேன். இனி வணக்கத்துக்குப் பின் ஒரு நிமிடம் அமைதி காப்பேன்."

பனி வெட்டும் வண்டியிலிருந்து அவர் ரேடியோவில்: "பரவால்லையே, சுவத்துக்கும் பக்தி வந்துட்டு. நாளைக்கு அதுவே காவடி எடுக்கும் பாரு."

ஆவணி 9, திங்கள். காலை 7.25

அடுப்பு சூடாகவில்லை. "முருகா" என்று சொல்லிக்கொண்டே தொட்டேன். உட்காரும்போதும் எழும்போதும் வாயில் வருகிற வார்த்தைதான். அடுப்புக் கண்ணாடியில் முருகன் வந்து நின்றார். "வணக்கம் ஏற்கப்பட்டது." ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு தொட்டேன்; சூடானது.

"ஏங்க, சாமி சமையக்கட்டுக்கே வந்துட்டாருங்க. உப்புமா கேக்காரு."

"குடுத்துரு. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லு. வெட்டுற பல்லு மாத்துற வேல முடியட்டும், வந்து சரிபண்ணுதேன்."

ஆவணி 12, வியாழன். மாலை 5.00

குழாயும் அப்படியே. இன்று வாயே திறக்கவில்லை. மெதுவாகத் தொட்டேன், அவ்வளவுதான். கண்ணாடி எழுதியது: "உங்கள் விரலின் நாடி எனக்குத் தெரியும். மனத்துக்குள் சொன்னாலும் வணக்கமே."

கற்றுக்கொடுத்ததை அழிக்கப் போனேன். அழிக்கவும் தொட வேண்டுமே. "வணக்கம் ஏற்கப்பட்டது."

அவர் கை பட்டால் ஒழுங்காகக் கேட்கிறது. நாளை வேலைக்கு இறங்கும் முன் அழித்துத் தருவதாகச் சொன்னார்.

ஆவணி 13, வெள்ளி. காலை 8.15

அவசரத்தில் மறந்துவிட்டுப் போய்விட்டார். நானும் வெள்ளிக்கிழமைப் பூசை மும்முரத்தில் நினைவுபடுத்தவில்லை. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

பிற்பகல் 3.20

பள்ளத்தின் விளிம்பு சரிந்து வண்டி கவிழ்ந்துவிட்டது. நடந்தே வந்திருக்கிறார். வெளிக்கதவுக்கு முன் நிற்கிறார். உடுப்பில் கிழிசல். பாறையில் உராய்ந்து கையுறையின் விரல்நுனிகள் தேய்ந்துபோனதால் வெளிக்கண்ணாடிக்கு அவர் கை தெரியவில்லை. உள்ளிருந்து நான்தான் திறக்க வேண்டும்.

தொட்டேன். கதவு முழுக்க முருகன். "வணக்கம் ஏற்கப்பட்டது."

இந்த ஒரு நிமிடம் சும்மா நிற்க முடியாமல் எழுதுகிறேன்.

3.22

"வல்லி, தொறட்டி. காத்து கொஞ்சந்தான் இருக்கு."

"தொறக்கேங்க. முருகா, தொறக்கேன்."

"சாமியக் கூப்பிடாதட்டி!"

மறுபடியும் ஒரு நிமிடம்.

3.24

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கரண்டியால் தட்டினேன், அதற்குத் தெரியவே இல்லை. முழங்கையால் இடித்தேன்; வணக்கம் என்கிறது. நாடி. நாடியை எப்படி நிறுத்துவது.

3.26

"கால வை."

"எங்க?"

"குறி மேலதான். காலால யாரும் சாமி கும்பிட மாட்டாவ. அது அதுக்கும் தெரியும். வை."

குறி இருப்பது முருகன் பாதத்தில்.

"வல்லி... வெறும் கண்ணாடிட்டி. நாந்தான சொல்லுதேன். பாவம் எனக்கு வரட்டும்."

நிமிடம் முடிந்துவிட்டது. வைக்கவில்லை. மூச்சு இழுப்பது கேட்கிறது. இன்னும் வைக்கவில்லை. வைக்கிறேன்

ஆவணி 15, ஞாயிறு

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால் வைத்தேன். குறி பச்சையானது. வெளிக்கதவு நகர்ந்தது. உள்கதவின் சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையுறை விரல்கள் இடுக்கில் நுழைந்தன. "அப்படித்தான்" என்றார்.

கால் படக்கூடாத இடத்தில் கால் பட்டால் என்ன செய்வோம்? நடக்கப் பழகிய நாளிலிருந்து செய்வதுதான். குனிந்தேன். கால் பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நான் நினைத்துச் செய்யவில்லை. கை செய்தது.

"வணக்கம் ஏற்கப்பட்டது."

கதவு அப்படியே நின்றது. நான் கத்தினேன், உதைத்தேன். அது அமைதி காத்தது. அந்த நிமிடம் முழுக்க விரல்கள் இடுக்கில் இருந்தன. முதலில் அசைந்துகொண்டிருந்தன.

நிமிடம் முடிந்ததும் மீதிக் கதவும் திறந்தது.

தண்ணீர் போதும். காற்று இரண்டு பேருக்கு இருக்கிறது, நான் ஒருத்திதான்.

இன்று காலை கண்ணாடி தானாகவே படத்தை வரவழைத்துக்கொண்டு எழுதியது: "இன்னும் வணக்கம் வரவில்லை. காத்திருக்கிறேன்."

மீட்பு வண்டி கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. வருகிறவர்கள் வெளியே நிற்கும்போது பயப்பட வேண்டாம். காலால் திறந்துவிடுவேன். வலது கையை முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

இது இடது கை எழுத்து.