நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நூல்

இன்று காலை கேமரா பையின் பக்க ஜிப்பைத் திறந்ததும் வரிசையாக மூன்று தும்மல். உள்ளே உன் நூல் சுருண்டு கிடந்தது. விருதுநகரில் உன் அப்பாவின் மிளகாய் வத்தல் கடையில் சாக்கு தைக்கிற நூல். இத்தனை வருஷமாகியும் நெடி போகவில்லை. அதில் நீ போட்ட முடிச்சும் அவிழவில்லை.

அந்த முடிச்சின் கதையை இன்று நான் சொல்கிறேன். நீ சொன்னால் என்னைத்தான் முட்டாளாக்குவாய். இந்த முறை குறுக்கே பேச உன்னால் முடியாது.

நாம் சேர்ந்து பிடித்த முதல் ஆர்டர். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியலுக்குப் படம். ஆலைக்குள் கேமரா கொண்டுபோகக் கூடாது என்பதால், மருந்தில்லாத மாதிரிப் பெட்டிகளைச் சிவகாசி அச்சகத்தின் மாடிக்கு அனுப்பியிருந்தார்கள். பெரிய பெட்டிகளின் படங்கள் ஒழுங்காக வந்துவிட்டன. தீப்பெட்டி அளவில், பச்சைக் கிளி போட்ட ஒற்றை வெடிப் பெட்டிதான் பாக்கி. அட்டைப்படமே அதுதான்.

கிளி பெரிதாக வரட்டுமென்று நான் கிட்டே கிட்டே போனேன். லென்ஸ் ஃபோகஸ் கிடைக்காமல் விர்விர்ரென்று தேடித் தவித்தது. நான் லென்ஸ் வளையத்தைக் கையால் திருகி எடுத்துத் தள்ளினேன். கேமராவின் சின்னத் திரையில் அழகாகத்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் பார்த்த பட்டாசுக் கம்பெனி முதலாளி அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஏம்மா, எங்க கிளிக்குக் கண்ணுல புரை விழுந்துருச்சா?”

நாளை காலை பத்து மணிக்குள் படம் சரியாக வராவிட்டால் மதுரையிலிருந்து ஆள் வரவழைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆர்டர் போனால் நான் பழையபடி அச்சகத்தில் பிழை திருத்தப் போக வேண்டும். “ரெண்டு பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை” என்றவர்களின் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். எனக்குக் கண் கலங்கியது. நீயோ லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“இங்கன பாரு, 0.45 மீட்டர்னு போட்டிருக்கு. நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர். அதுக்கும் கிட்டப் போனா இதுக்குக் கண்ணு தெரியாதாம். நீ மூக்குல கொண்டுபோய் இடிச்சா, பாவம், அது என்ன செய்யும்?”

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் நூலோடு வந்து இறங்கினாய். ஸ்கேலில் அளந்து முடிச்சுப் போட்டாய். லென்ஸ் கண்ணாடியிலிருந்து பெட்டி வரை நூல் பிடித்தோம். கிளி பளிச்சென்று வந்தது, ஆனால் துக்கடாவாக.

“இது கிளியா, ஈயா?” என்றாய்.

மணி எட்டு. நீ கேமராவின் தலையில் விரல் வைத்தாய். ஒரு சின்ன வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு.

“ஏ பிள்ள, இது என்னது?”

“கம்பெனி முத்திரையா இருக்கும்.”

நீ நம்பவில்லை. நான் ஒருநாளும் பிரிக்காத கையேட்டைப் பிரித்தாய். தூரத்தை அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டுமாம். உள்ளே படம் விழுகிற இடம் அது. கண்ணாடியிலிருந்து அல்ல.

“அப்ப லென்ஸு நீளமும் கணக்குல சேந்ததுதான? இன்னும் முக்காச் சாண் உள்ள போகலாம் பிள்ள!”

நூலின் ஒரு நுனியை நான் கோட்டில் வைத்தேன். முடிச்சை நீ பெட்டியில் வைத்தாய். இந்த முறை கிளி சட்டம் நிறைய வந்து உட்கார்ந்தது. பத்து மணிக்கு அண்ணாச்சி, “இப்பத்தான் என்னையப் பாக்குது” என்றார். ஆர்டர் நம்மிடமே நின்றது.

அச்சாகி வந்த பிறகுதான் எல்லோரும் கவனித்தோம். அட்டையின் ஓரத்தில், முடிச்சைப் பிடித்தபடி உன் ஆள்காட்டி விரல் நுனி! “கிளிய விட வெரலு தெளிவா இருக்கேம்மா” என்று அண்ணாச்சி சிரித்தார். அந்த சீசன் முழுக்க, பட்டியல் போன ஊருக்கெல்லாம் உன் விரலும் போனது.

நீ போனபோது, சட்டம் போட்டு மாலையோடு மாட்ட உன் வீட்டில் உன் படம் கேட்டார்கள். வருஷக்கணக்காய் எடுத்த அத்தனையிலும் தேடினேன். எல்லாவற்றிலும் நீ நூலின் மறுமுனையில், சட்டத்துக்கு வெளியே. கடைசியில் ஏதோ கல்யாணத்தில் யாரோ போனில் எடுத்ததை மாட்டினார்கள். ஆடிப்போன படம். உனக்குப் பிடித்திருக்காது.

நான் அந்தப் பழைய விலைப்பட்டியலைப் பையில் வைத்திருக்கிறேன். விரல் ரேகையை எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.

இப்போது நூலின் இரண்டு முனையையும் நானே பிடிக்கிறேன். கை எட்டுகிறது, நாற்பத்தைந்து சென்டிமீட்டர்தானே. படமெடுக்கும் முன் விரலை எடுத்துவிட வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். சில நாள் வேண்டுமென்றே மறந்துவிடுகிறேன்.