லைட் எரிந்தால் அடி இல்லை

டிச. 1, திங்கள்

வாடைக்காற்று. துணி எதுவும் காயவில்லை.

இதை யார் எடுத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அம்மா, நீ எடுத்தாலும் அப்படித்தான். அக்காவிடம் கேட்காதே, அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வாள். வேதியியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். அத். என்றால் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். முழுதாக எழுதக் கை வரவில்லை.

ஜூனில் பிளஸ் டூ படிக்க ஆலந்தலையிலிருந்து பெட்டியோடு இங்கே அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா முதலில் தந்தது கொஞ்சம் பஞ்சு. "ராத்திரி அத்தான் டிவிய சத்தமா வைப்பாவ. காதுல இத வச்சி, உள்ள தாப்பா போட்டுப் படுளா. வெள்ளன எந்திச்சுப் படி." அப்படியே செய்தேன். சீக்கிரம் படுக்கை, மீன்பிடி லாஞ்சுக்குப் போகிற அத்.துக்கு அக்கா காப்பி போடும்போது எழுந்திருப்பது.

காலாண்டில் வேதி. பெயில். மிஸ் சொன்னார்கள்: "செல பிள்ளைகளுக்கு ராத்திரிதான் மண்டையில ஏறும். மாத்திப் பாரேன்." மாற்றினேன். பள்ளிக்கூடம் விட்டதும் தூக்கம், ராத்திரி லாஞ்சுகள் கரைக்கு வரும் நேரம் எழுந்து படிப்பு. படிக்கும்போது பஞ்சு எதற்கு என்று எடுத்தேன்.

டிவி சத்தத்துக்கு அடியில் வேறு சத்தம் இருந்தது.

டிச. 2, செவ்வாய்

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

பஞ்சை எடுத்த அன்று ராத்திரி கேட்டது அத். குரல்: "உப்பளத்துப் பக்கம் குடியிருந்துக்கிட்டு கொழம்புல உப்பு இல்லயாம்ளா?" பிறகு அறை. பிறகு சுவரில் ஏதோ மோதியது. அது அக்காவின் தலை என்று காலையில் நெற்றியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அக்கா கத்தவே இல்லை. மூச்சு மட்டும், தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்கத்தான் வாய்விட்டுப் படித்தேன். கார்பாக்சிலிக் அமிலங்கள். கத்திப் படித்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

அடி நின்றது. டிவி குறைந்தது.

"அவ என்ன இன்னும் முழிச்சிக் கெடக்கா?"

"பரீச்ச வருதுல்லா."

"தெருவுக்கே கேக்குது. சவம்."

அன்றிலிருந்து தெரியும். என் அறையில் லைட் எரிந்து, தெருவுக்கு என் குரல் கேட்டால் அடி இல்லை.

டிச. 3, புதன்

தூக்கம் வராமல் இருக்க:
வாளித் தண்ணீரில் கால்.
கருப்பட்டிக் காப்பி, சுக்கு தூக்கலாக.
நின்றுகொண்டே படிப்பது.
சடையை ஜன்னல் கம்பியில் கட்டுவது (வலிக்கிறது, ஆனால் பலன் உண்டு).

ராத்திரி அத். என் கதவை உதைத்தார். "கலெக்டருக்குப் படிக்காளாக்கும்! மரியாதயா லைட்ட அமத்து." படிப்பதை நிறுத்தவில்லை. இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. உள்ளே வந்தார். விளக்குமாற்றின் அடிக்கட்டையால் பல்பை அடித்தார். கண்ணாடி என் தலையில், புத்தகத்தில், வாளிக்குள்.

இருட்டில் மனப்பாடமாகச் சொன்னேன். அமிலத்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் எஸ்டர். குரல் கீச்சென்று போனது. சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். சாராய வாடை, டீசல் வாடை. போய்ப் படுத்துவிட்டார்.

உள்ளங்காலில் ஒரு சில்லு. அக்கா ஊக்கால் எடுத்தாள்.

டிச. 4, வியாழன்

அக்கா புது பல்பு வாங்கினாள். கடை அண்ணாச்சி: "போன வாரந்தான ஒண்ணு வாங்கினிய?" அக்கா: "வோல்டேஜ் சரியில்ல அண்ணாச்சி." தாழ்ப்பாளையும் அவளே ஆணி வைத்து அடித்தாள், முன்னை விடப் பெரியதாக.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அத்தை மதில் மேல் எட்டிப் பார்த்து, "ஏளா ஜெனி, நீ படிச்சுப் படிச்சு எனக்கே பாதிப் பாடம் வந்துட்டு. எம் மவனுக்குப் பதிலா நானே போய் எழுதிருவேன் பாத்துக்க" என்றார்கள். சிரித்தேன். அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இப்ப உங்க வீட்டு டிவி சத்தம் கொறஞ்சிருக்கே" என்றார்கள். என் முகத்தையே பார்த்தார்கள்.

அவர்களுக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்?

டிச. 5, வெள்ளி

வகுப்பில் தூங்கிவிட்டேன். மிஸ் டஸ்டரால் மேஜையில் தட்டினார்கள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "ராத்திரி பூரா போன நோண்டுதியா?" "இல்ல மிஸ்." அப்போதே சொல்லியிருக்கலாம்.

டிச. 6, சனி

அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், சாளை. கேட்டேன், அம்மாவிடம் சொல்லட்டுமா என்று.

"சொன்னா அம்மா ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருவா. படிப்பு நின்னுரும்."

"நீயும் வா."

"வந்து? தங்கச்சிக்கு யாரு மாப்பிள்ள தருவான்னு கேப்பாவ." சாளையின் தலையைக் கிள்ளி எறிந்தாள். "நீ மார்க்கு எடு. ஹாஸ்டலுக்குப் போ. பொறவு பாக்கலாம். மொதல்ல தூங்கு. மொகம் செத்த மீன் மாதிரி இருக்கு."

எனக்காக அவள் இருக்கிறாள். அவளுக்காக நான் முழிக்கிறேன். யார் முதலில் விழுவோம்?

டிச. 8, திங்கள்

மழை. அரையாண்டு புதன்கிழமை ஆரம்பம், முதல் தாள் தமிழ்.

தூக்கம் ஒரு வழியாகப் பழகிவிட்டது. அத். தூங்கும் வரை உரக்கப் படிப்பு. அவர் தூங்கிய பிறகும் லைட் எரியும். விடியுமுன் பைக் சத்தம் தெரு முனை தாண்டியதும் பஞ்சு வைத்துப் படுத்துவிடுவேன். லாஞ்சு கடலுக்குப் போய்விட்டால் ராத்திரிதான் கரை. அந்த நேரம் முழுக்க எனக்கும் அக்காவுக்கும். அப்போது தூங்குவதுதான் தூக்கம்.

செய்தியில் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு என்றார்கள். ஒன்று என்றால் கடலுக்குப் போவார்கள்.

டிச. 9, செவ்வாய்

பைக் போனது. காற்று ஜன்னலை அடித்ததால் பஞ்சை நன்றாக அழுத்தி வைத்தேன். தாழ்ப்பாள் போட்டேன்.

ஆலந்தலைக் கனவு. அம்மா கருவாட்டைக் கல்லில் தட்டுகிறாள். தட்டுகிறாள், தட்டுகிறாள். சின்ன வயது மாதிரி நன்றாகத் தூங்கினேன்.

கூண்டை மூன்றாக ஏற்றியிருக்கிறார்கள். மீன்துறை ஆபீசில் டோக்கன் கொடுக்கவில்லை. டோக்கன் இல்லாமல் லாஞ்சு நகராது. போனவர்கள் அங்கேயே குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

கதவைத் திறந்தபோது அக்கா என் வாசலில் கிடந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அடுப்படியிலிருந்து தவழ்ந்து வந்திருக்கிறாள், தரையில் தெரிந்தது. என் கதவின் கீழ்ப்பாதியில் விரல் விரலாக ரத்தம்.

கனவில் தட்டியது அம்மா இல்லை.

டிச. 10, புதன்

தமிழ்த் தாள் எழுதவில்லை.

ஆஸ்பத்திரி. எலும்பு இரண்டு இடத்தில். மாவுக்கட்டு. அக்கா: "அடுப்படியில வழுக்கிட்டு டாக்டர்." அந்த டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். "நீ பாத்தியாம்மா?"

"நான் தூங்கிட்டேன்."

அத். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். மக்ரூன் வாங்கி வந்தார், எனக்கு ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தின்றேன். ஏன் தின்றேன்?

டிச. 11, வியாழன்

கூண்டு இறக்கவில்லை. லாஞ்சு இல்லை. அத். பகலெல்லாம் தூக்கம், சாயந்திரத்திலிருந்து குடி. பகலும் முழித்து ராத்திரியும் முழிக்க என்னால் முடியாது. இன்று நின்றபடியே இரண்டு தடவை தூங்கினேன். முழங்கால் மடங்கியதும் விழிப்பு.

பஞ்சை சாக்கடையில் போட்டுவிட்டேன்.

அக்கா என் அறையில். செவ்வாய்க்கிழமை நடந்ததை இப்போதுதான் முழுதாகச் சொன்னாள். தாழ்ப்பாள் போட்டாயிற்று. கட்டிலை இழுத்துக் கதவில் முட்டுக் கொடுத்தாயிற்று. ஹாலில் டிவி இதுவரை இல்லாத சத்தம். அதற்கு மேல் அவர் குரல்: "அவள வெளிய விடு. ஆஸ்பத்திரியில என்னளா சொன்னிய? சொல்லிருவியளோ?" பாட்டில் உடைந்தது. கதவுக்கு அடியில் சாராயம் ஈரமாக வருகிறது.

நாளை வேதி. தாள். புத்தகத்தை எடுத்தேன். ஜன்னலை முழுதாகத் திறந்தேன். மழைக்காற்று. பாடம் வரவில்லை.

பாடம் படிக்கிற அதே குரலில் சொன்னேன். "எங்க அக்கா வழுக்கி விழல. செவ்வாக்கிழம விடியக்காலம் டோக்கன் கெடைக்காம வந்து அத்தான் அவ கைய ஒடிச்சாவ. முடியப் புடிச்சி சிலிண்டர்ல முட்டுனாவ. அவ எங்கதவத் தட்டுனா, நான் தூங்கிட்டேன்." அக்கா நல்ல கையால் என் வாயைப் பொத்தினாள். விரலெல்லாம் தைல வாடை. பிறகு அவளே எடுத்துவிட்டாள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். இன்னும் சத்தமாக.

எதிர் வீட்டில் லைட். அதற்கு அடுத்த வீட்டில். மரியபுஷ்பம் அத்தை: "ஏலே, எந்திரிங்கலே எல்லாரும்! அந்தப் பிள்ளைகளக் கொன்னுருவான்!" செருப்புச் சத்தங்கள்.

டிவி நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

முன்கதவை இடிக்கிறார்கள். அத்தை குரல், இன்னும் ஆம்பிளைக் குரல்கள். அந்தக் கதவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஹால்.

கட்டில் நகர்கிறது. ஒரு விரற்கடை.

"ஜெனி. லைட்ட அமத்து." கத்தவில்லை. மெதுவாக.

அமத்தவில்லை.

அக்கா எழுந்துவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்து. கத்துகிறாள். அக்கா கத்துகிறாள்.

எங்கள் கதவைத் தட்டுகி