நாலு மணிக்குப் படித்த புட்டிங்

உன் மருமகள் நஸ்ரீன் கொடுத்தனுப்பிய ஷூ டப்பா என் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. உன் மகனின் கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பெண்கள் ஷூவுக்கான வெள்ளை டப்பா. மூடியைத் திறந்தால் முதலில் புதுத்தோல் வாசனை வருகிறது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, வெனிலா. உள்ளே இருப்பது ஓர் அலுமினியப் புட்டிங் அச்சு. ஓரமெல்லாம் பாவாடைக் கொசுவம்போல் மடிப்பு. அடிப்பக்கம் கறுத்திருக்கிறது. ஒருமுறை இருமுறை அடுப்பில் ஏறிய பாத்திரம் இப்படிக் கறுக்காது. வருஷக்கணக்கில் சர்க்கரை காய்ச்சிய பாத்திரம் இது.

எனக்குக் கோபம் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்துபோனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். என்னிடம் பொய் சொன்னபோது நீ உயிரோடுதானே இருந்தாய்?

நம் ஒப்பந்தம் எந்த நாளில் உண்டானது என்று உனக்கு நினைவிருக்கும். என் கணவர் இறந்த மறுநாள். சர்க்கரை நோய் முதலில் அவர் விரலைக் கேட்டது, பிறகு காலை, பிறகு ஆளையே. அவர் போன பிறகுதான் பக்கச் சக்கரம் மாட்டிய அவருடைய ஸ்கூட்டரின் பெட்டியில் துணிக்கடியில் ஆற்காட்டு மக்கன் பேடா இருந்ததைக் கண்டேன். நீ ஆம்பூரிலிருந்து துக்கம் கேட்க வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். உனக்கும் அப்போது அதே நோய் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பேடாப் பொட்டலத்தை உன் மடியில் போட்டு, "நீயும் இப்டித்தான் ஏமாத்திட்டுப் போகப்போறியா?" என்றேன்.

நீ என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். "இனிமே இனிப்பு தொட மாட்டேன்டி. ஆனா தனியா விட்டா பேஜாரு. நீயும் கூட விட்டுடு."

எனக்கு அந்த நோய் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இனிப்பு என்றால் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது பள்ளி நாளிலிருந்து உனக்குத் தெரியும். உனக்குத் துணையாக விட்டேன். பேரன் பிறந்தநாள் கேக்கை ஒதுக்கினேன். சம்பந்தி வீட்டில் பாயசத்தை மறுத்து, திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அது நம் இருவருக்குள் இருக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன்.

சமையல் ப்ளாக் படிக்கும் பழக்கத்தை ஆரம்பித்ததும் நீதான். யாரோ உன் போனுக்கு அனுப்பிய பிரெட் புட்டிங் செய்முறையை எனக்குத் தள்ளிவிட்டு, "கண்ணு மங்குதுடி, படிச்சுக் காட்டு" என்றாய். நான் தயங்கினேன். "படிக்கிறதுல இன்னா தப்பு? படிச்சா ஒடம்புல சர்க்கரை ஏறுமா?" என்று கேட்டாய். அன்றே படித்துக் காட்டினேன். அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு, கையில் சர்க்கரை போடாத டீயோடு, நான் வேலூரில் இருந்து போனில் படிக்க நீ ஆம்பூரில் இருந்து கேட்டாய்.

அந்த ப்ளாக்குகளை எழுதுகிறவர்களை நாம் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறோம். புட்டிங்குக்கு வருமுன் அவர்கள் வீட்டு மழை, அவர்கள் வீட்டு நாய், கணவர் ஆபீஸிலிருந்து களைத்து வந்தது எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். ஒரு கப் என்பார்கள், எந்தக் கப் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் படம் எடுக்கத் தெரியும். கரண்டி உள்ளே இறங்கி, அந்தப் பிளவில் மஞ்சள் கஸ்டர்ட் லேசாக வழிகிற இடத்தில் சரியாக நிறுத்தி எடுத்திருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எச்சில் விழுங்கிவிட்டு, குரல் மாறாமல் உனக்குப் படித்தேன்.

படித்துவிட்டுத் திருத்துவேன். அது என் குணம், நீ சொல்வதுபோல என் வியாதி. கேரமல் புட்டிங்குக்கு வெறும் வெனிலா போதாது, துளி ஜாதிக்காய் துருவிப் போட வேண்டும், கேரமலில் ஒரு சிட்டிகை உப்பு வேண்டும் என்று நான்தான் சொன்னேன். நீ மறுநாள் யோசித்துவிட்டு வந்து சொல்வாய். "நேத்து சொன்னியே, அதுல பால் இன்னும் கொஞ்சம் சுண்டணும்டி. நடுவுல தண்ணி விட்டிருக்கும்." இன்னொரு நாள், "ஆரஞ்சுத் தோல் ஜாஸ்தி. கடைசில கசந்திருக்கும்."

நான் வியந்துபோவேன். ஒரு செய்முறையைக் காதால் கேட்டே நாக்கில் ருசியை வரவழைத்துக்கொள்ள இவளால் முடிகிறதே, எனக்கு ஏன் முடியவில்லை என்று உன்மேல் பொறாமைகூடப் பட்டேன். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால், "நஸ்ரீன் இன்னாவோ உருட்டறா" என்பாய். நம்பினேன்.

ஏன் நம்பினேன் தெரியுமா? கான்வென்ட்டில் நாம் ஒரே பெஞ்சு. ரமலான் மாதத்தில் வேலூர் வெயிலில் த்ரோபால் ஆடிவிட்டு வந்து, நாங்கள் எல்லோரும் குழாயில் வாயை வைக்கும்போது, நீ தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பாய். சிஸ்டரே பயந்துபோய் ஒரு வாய் குடி என்று கெஞ்சினார். நீ தலையை ஆட்டி மறுத்தாய். அந்தப் பெண் எனக்கு வாக்குக் கொடுத்தால் நான் எப்படிச் சந்தேகப்படுவேன்? ஒருநாள் நீ இனிப்புக்கு ஏங்கிப் புலம்பியபோது அதை நினைவூட்டினேன். "அது அல்லாவுக்கு வெச்ச நோன்புடி. இது உனக்கு வெச்சது. இதுதான் கஷ்டம் ஜாஸ்தி" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரித்தாயா என்று போனில் தெரியவில்லை.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஆம்பூர் வந்தேன். பிரியாணி முடிந்ததும், பெண்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு நஸ்ரீன் சின்னக் கிண்ணங்களில் கேரமல் புட்டிங் கொண்டுவந்தாள். நான் வழக்கம்போல் கையை நீட்டி மறுத்தேன்.

"உங்க புட்டிங்தான் காலம்மா. நீங்களே வேணாம்னா எப்டி?" என்றாள். உங்கள் வீட்டில் சித்தியை அழைப்பதுபோல அவள் என்னை அப்படித்தான் அழைப்பாள்.

"என் புட்டிங்கா?"

"மாமி செய்யறது. நீங்க போன்ல சொல்லிக் குடுப்பீங்களே. ஜாதிக்காய், கேரமல்ல உப்பு, எல்லாம்."

பக்கத்தில் இருந்த உன் நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேலூர் புட்டிங் டீச்சரம்மா நீங்கதானா? நான் நல்லா குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன். உங்களாலதான் எங்க வூட்டு ஆம்பளைங்களுக்குத் தொப்பையே வந்துச்சு."

அறை முழுக்கச் சிரித்தது. எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. எல்லோரும் என் ஜாதிக்காயைத் தின்றிருந்தார்கள். பெருநாளுக்கு, நிச்சயதார்த்தத்துக்கு, சும்மா ஒரு வியாழக்கிழமைக்கு. அந்த அறையில் அதைச் சாப்பிடாதவள் நான் ஒருத்திதான்.

நஸ்ரீனைச் சமையலறைக்கு அழைத்துப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அவ சாப்பிட்டாளா?"

"கொஞ்சந்தான் காலம்மா."

"கொஞ்சம்னா?"

"மொதல்ல ஒரு ஸ்பூன். நாலு மணிக்கு அவ கேப்பா, ருசி சொல்லணும்னு எடுப்பாங்க. அப்புறம்..." அவள் தொட்டியில் கிடந்த கிண்ணங்களைப் பார்த்தாள். "நான் திட்டுவேன். உங்ககிட்ட சொல்லிடுவேன்னு மெரட்டுவேன். சொல்லாதே, அவ போன் பண்றத நிறுத்திடுவான்னு கையப் புடிச்சுப்பாங்க."

நிறுத்தியிருப்பேன். நிச்சயமாக நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருந்தால் உன் அடுப்பும் அணைந்திருக்கும். உன் கிட்னி இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்குமோ என்னவோ. என் கணவர் என்னை ஏமாற்றியபோது பேடாவை அவரே வாங்கினார். நீ என் குரலைக் கொண்டே சர்க்கரையை அளந்தாய். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் தினமும் நாலு மணிக்குச் செய்த வேலை எதுவாக முடிந்தது பார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று, டயாலிசிஸ் முடிந்து கண்ணை மூடிப் படுத்திருந்தாய். "அந்தக் கேரமல் புட்டிங்க படிடி" என்றாய். போனில் தேடி எடுத்து மெதுவாகப் படித்தேன். நர்ஸ் நின்று கேட்டுவிட்டு, பசிக்குது என்று சொல்லிச் சிரித்தாள். நான் முடித்ததும் நீ கண்ணைத் திறக்காமல் சொன்னாய். "ஜாதிக்காய் மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணு. உன்து ஜாஸ்தி." நோயாளியின் பிதற்றல் என்று நினைத்து உன் நெற்றியைத் தடவினேன். அதுதான் நீ என்னிடம் சொன்ன ஒரே உண்மை என்று இப்போது தெரிகிறது.

நேற்று நாலு மணிக்கு உன் அச்சில் புட்டிங் செய்தேன். கேரமலில் உப்புப் போட்டேன். ஜாதிக்காயைக் குறைத்தேன். தட்டில் கவிழ்த்தபோது ஒரு மடிப்புகூட உடையவில்லை. கரண்டியால் ஓரத்தை வெட்டி எடுத்தேன். எனக்கு நோய் இல்லை. யாருக்குத் துணையாக விட்டேனோ அவள் இல்லை, இருந்தபோதும் அவள் துணையாக இருக்கவில்லை. கரண்டி வாய்வரை வந்தது. அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். நீ உன் வாக்கை உடைத்ததால் என் வாக்கு உடைந்ததாகாது. அதை நான் உனக்குக் கொடுத்தாலும் அது என்னுடையது.

முழுவதையும் எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அந்த வீட்டுப் பெண் தட்டைக் கழுவிக் கொண்டுவந்தாள்.

"சூப்பரா இருந்துச்சு ஆன்ட்டி."

"ஜாதிக்காய் எப்டி இருந்துச்சு?"

"ஜாதிக்காயா? போட்டிருந்தீங்களா?"

நீ சொன்னபடி சரியாகத்தான் குறைத்தேனா, இல்லை ஒன்றுமே தெரியாத அளவுக்குக் குறைத்துவிட்டேனா? கதவைச் சாத்திவிட்டுப் போனைக் கையில் எடுத்த பிறகுதான், இதை யாரிடம் கேட்கப் போகிறேன் என்று உறைத்தது.