நூலால் தைத்த வலை

மஞ்சக்குப்பம்,
9.6.2025

அன்புள்ள ஜான்சிக்கு,

நீ போனை எடுக்காததால் மெயில். திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

மூன்று வருஷமாக நாம் கட்டிய கம்ப்யூட்டர் ஆட்டத்தில், கடல் விழுங்கிய கடலூரில், ஒரே ஒரு புத்தகத்தைத்தானே மிச்சம் வைத்தோம்? நல்ல தண்ணீருக்கு எங்கே தோண்டுவது என்று நீ எழுதியது? அது போய்விட்டதடி.

பொருள் பட்டியலில் நீ அதற்கு ‘நூல்’ என்று பெயர் வைத்தாய். தையல் நூலுக்கு நானும் ‘நூல்’ என்றே போட்டேன். மிஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். நேற்று சோதனை ஆட்டத்துக்கு வந்த மங்கலம்பேட்டை ராஜவேல் கிழிந்த வலையைத் தைத்தான். உன் புத்தகம் செலவாகிவிட்டது. “சூப்பரா தச்சிட்டேங்க, மீன் ஒண்ணும் தப்பல”ன்னு எனக்கே மெசேஜ் போடுகிறான், பாவி!

பேக்கப் இருக்கிறது. ஒரு பட்டனைத் தட்டினால் திரும்பி வந்துவிடும். வெள்ளிக்கிழமை நம் ஆட்டத்தை வாங்கலாமா என்று கம்பெனிக்காரர் பார்க்க வருகிறார். சரி என்று சொல்லேன்டி.

உன்,
சிந்துஜா

சிதம்பரம்,
10.6.2025

அடி சிந்து,

முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதேன். ராப்பகலாக எழுதியது மீன் பிடிக்கப் போய்விட்டதே!

ஆனால் பட்டனைத் தொடாதே. தொலைந்தால் தொலைந்ததுதான் என்பது நாம் இரண்டு பேரும் போட்ட சட்டம். தட்டினால் வருமென்றால் எவன் அதைப் பத்திரமாக வைப்பான்? மளிகைக் கடை சோப்பு மாதிரி ஆகிவிடும். பெயரை வேண்டுமானால் ‘புத்தகம்’ என்று மாற்று. சட்டத்தை மாற்றாதே.

ஆடுகிறவர்கள் உள்ளே தாகத்தில் செத்துப்போவார்களே என்று எனக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. இருந்தாலும் முடியாது. மீறித் தட்டினாயானால் நம் கூட்டு அன்றோடு சரி.

வேளைக்குச் சாப்பிடு.

ஜான்சி

மஞ்சக்குப்பம்,
12.6.2025

ஜான்சி,

உனக்கு வைராக்கியம், எனக்கு வயிற்றெரிச்சல். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் செத்துச் செத்து முதலிலிருந்து பிறந்து வருகிறார்கள். இப்படியொரு ஊரை நான் எந்த முகத்தோடு காட்டுவது? நாளை காலை புத்தகத்தை வைக்கப்போகிறேன். கோபப்படு, ஏசு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

சிந்துஜா

மஞ்சக்குப்பம்,
14.6.2025

அன்புள்ள ஜான்சிக்கு,

நீ பதில் போடவில்லை. போடாவிட்டால் போ, நடந்ததைக் கேள்.

நேற்று கம்பெனிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, புத்தகத்தை மணல்மேட்டில் வைத்தேன். ராஜவேல்தான் எடுத்தான். எல்லாரும் சுற்றி நின்று படித்தார்கள். அண்ணாகிராமத்து ஸ்ரீமதி சொல்கிறாள்: “இது வேணாம்ப்பா, நம்மளுது இத விட நல்லாருக்கு. சவுக்குத் தோப்பாண்ட தோண்டணும்னு இதுல இல்லவே இல்ல.”

அவளிடமே விசாரித்தேன். நூல் போன அன்றே, படித்திருந்தவர்கள் ஞாபகத்தில் இருந்ததை ஆளுக்கொரு வரியாகப் படகுப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். “ஆழமா போவாத, உப்பு ஏறிடும்னு இருந்துச்சு!” “டேய், அப்படி இல்லடா!” என்று ஒரே சண்டை. எது சரி என்று தெரியாமல், தோண்டித் தோண்டிப் பார்த்துத்தான் பாதிப் பேர் செத்திருக்கிறார்கள். பிறந்து வந்து திருத்தியிருக்கிறார்கள். இப்போது ஊற்று ஓடுகிறது.

“பலகைய ஆட்டத்துக் கடையில காசுக்கு வச்சா ஜாஸ்தி போவும்” என்றார் கம்பெனிக்காரர். அது விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இனி வரமாட்டார்.

உன் வரி ஒன்றுகூட அந்தப் பலகையில் அப்படியே இல்லை, ஜான்சி. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பேக்கப்பை அழித்துவிட்டேன்.

சிந்துஜா

சிதம்பரம்,
14.6.2025, சாயங்காலம்

சிந்து,

சவுக்குத் தோப்பு விஷயம் எனக்கே தெரியாதடி.

பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடாதே. நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். எல்லாரையும் போல ஆட்டத்துக்குள் நுழைந்து, என் முறை வரும்வரை நின்று படித்துக்கொள்கிறேன்.

ஜான்சி