நட்டின் மேல் சாக்பீஸ் கோடு

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, கூடவே எனக்கு வரவேண்டிய பேரையும் தட்டிக்கொண்டு போன என் அன்பு மாப்ள ஸ்டீபனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ரீட்டா நன்றாக இருக்கிறாள். ஜெனி பத்தாவது வந்துவிட்டாள், வாய் அப்படியே உன்னுடையது. நீலசந்திராவில் நம் பட்டறைத் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் கல்லறைக்கு வரும்போது ரீட்டாவே சொல்லியிருப்பாள். நான் சொல்ல வந்தது வேறு. நேரில் சொல்ல எனக்கு ஐந்து வருஷம் இருந்தது, சொல்லவில்லை.

உன் மேல் எனக்குப் பொறாமை. 'இருந்தது' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. செத்தவன் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவனும் முதலில் சுவரில் இருக்கும் உன் படத்தைப் பார்க்கிறான். பிறகு என்னிடம், "அவரு கை இனிமே யாருக்கு சார் வரும்?" என்கிறான். பன்னிரண்டு வருஷம் நான் என்ன அங்கே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டா இருந்தேன்?

மஞ்சுநாத் சாரின் சிவப்புக் காரை நீ மறந்திருக்க மாட்டாய். நாலு சிலிண்டர் சின்னக் கார். அதற்கு சூப்பர்சார்ஜர் வைத்தே தீரவேண்டும் என்று வந்து நின்றார் மனுஷன். சிவாஜிநகர் குஜிரிச் சந்தையில் பழைய சாமான் குவியலைக் கிளறி, ஜப்பான் காரில் இருந்து கழற்றிய ஒன்றைப் பிடித்து, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பெல்ட்டில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான் அது. அந்தக் காற்றை நாலு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு மேனிஃபோல்டு வேண்டும். அவர் காருக்கு அப்படி ஒன்று எந்தக் கடையிலும் கிடையாது.

செய்தோம். அரை அங்குல அலுமினியத் தகட்டில் கேஸ்கெட்டை வைத்து வரைந்து, நாலு துளை வெட்டினேன். ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, விரலை விட்டுத் தடவினால் எங்கும் தட்டாத அளவுக்குக் கொண்டுவந்தேன். எனக்கு ஒன்பது நாள் ஆனது. அதன்மேல் நாலு குழாய், ஒரு பெட்டி, சூப்பர்சார்ஜர் உட்கார ஒரு தட்டு, எல்லாவற்றையும் நீ ஆர்கான் வெல்டிங்கில் ஒரே காலையில் சேர்த்துவிட்டாய். ஒரே காலை, மாப்ள.

உன் வெல்டிங் ரீட்டா ஜெனிக்குப் போடும் பின்னல் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. மத்தியானம் வந்த சார் உன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏன் கைரீ நிம்து" என்றார், என்ன கை உன் கை என்று கன்னடத்தில். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கையும் அங்கேதான் இருந்தது.

என் வேலை யார் கண்ணுக்கும் படாது. வெல்டிங் சூட்டில் தகடு வளைந்துவிடும் என்று, முன்கூட்டியே அதை ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டில் கவிழ்த்து வைத்து நட்டு போட்டு இறுக்கிவிடுவோம். முழுக்க ஆறும் வரை கழற்றக்கூடாது. இறுக்கியதும் ஒவ்வொரு நட்டின் மேலும் தகட்டைத் தொடுகிற மாதிரி சாக்பீஸில் ஒரு கோடு இழுப்பது உன் வழக்கம். கோடு கலையாமல் இருந்தால் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். "காலைல வரைக்கும் யாரும் தொடக்கூடாது மச்சான்" என்று சொல்லிவிட்டு நீ சர்ச்சில் நொவேனா ஜெபத்துக்குக் கிளம்பிப் போனாய்.

சாயங்காலம் நண்பரைக் கூட்டிக்கொண்டு வருவதாக சார் சொல்லியிருந்தார். வந்தால் என்ன பார்ப்பார்? வெளிப்பக்கம் உன் வெல்டிங்கைப் பார்ப்பார். என் நாலு துளையும் அடியில் கவிழ்ந்து கிடந்தன. வயிறு எரிந்தது, மாப்ள. கையுறை போட்டுக்கொண்டு ஆறு நட்டையும் கழற்றினேன். தகடு இன்னும் சுட்டது.

சார் வந்தார். "இந்தப் பக்கம் பாருங்க சார்" என்று திருப்பிக் காட்டினேன். குனிந்து, நாலு துளைக்குள்ளும் பார்த்தார். "சூப்பர் ரீ. இதுவும் ஸ்டீபன் வேலையா?" என்று கேட்டார்.

அவர் போனதும் அவசரமாகத் திரும்ப மாட்டி இறுக்கினேன். சாக்பீஸை எடுத்து ஆறு கோடும் போட்டேன்.

இன்ஜினில் ஏற்றி ஓட்டிய அன்று காற்று விசிலடித்தது. கழற்றி, நேரான இரும்புச் சட்டம் வைத்துப் பார்த்தால் தகட்டின் இரண்டு முனையும் தூக்கிக்கொண்டிருந்தன, அடியில் செய்தித்தாள் நுழைந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் நீ சொன்னாய்: "சூடு ஜாஸ்தி வச்சுட்டேன் சார். என் தப்பு." கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி, இரண்டு நாள் குனிந்து தேய்த்துத் தேய்த்து அதைச் சமமாக்கினாய். "தப்பை ஒத்துக்கிற மெக்கானிக்கை இப்பதான் பாக்கறேன்" என்று சார் உன் தோளைத் தட்டினார். தப்பு என்னுடையது, அதற்கும் பேர் உனக்கு. சொன்னால் நம்புவாயோ என்னவோ, எனக்கு அதிலும் பொறாமைதான் வந்தது.

போன மாதம் சாரின் நண்பர் ஒருவர் அதே மாதிரி காரோடு வந்தார். "ஸ்டீபனே ஒரு தடவை சூட்டுல வளைச்சுட்டாராமே. நீங்க பாத்து பண்ணுங்க" என்றார். நியாயமாக எனக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். உன் பேரில் ஒரு கறை, எத்தனை வருஷம் ஏங்கினேன்? ஆனால் அன்று சோறு இறங்கவில்லை.

ரீட்டாவிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தக்கூட இல்லை. "அவருக்கு மறுநா காலைலயே தெரியும்ணா. அவரு எடக்கை, அவரு கோடு அந்தப் பக்கம் சாயும். நட்டு மேல இருந்ததெல்லாம் வலக்கை கோடு, இந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சாம். உங்க கிட்ட கேக்கலையான்னு கேட்டேன். வேணாம், மச்சான் ஒம்போது நாள் ராவிருக்கான், காட்டணும்னு இருக்காதா, அப்படின்னாரு."

மன்னிப்பதிலும் என்னை முந்திவிட்டாயா? கண்டபடி திட்டியிருக்கலாமே. ஒரு அடி வைத்திருந்தால்கூட அன்றோடு தீர்ந்திருக்கும். ஐந்து வருஷம் என் எதிரில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டு எப்படிடா சும்மா இருந்தாய்?

இன்று காலை மஞ்சுநாத் சாரை வரச் சொல்லி, உன் படத்துக்குக் கீழே நின்று சொல்லிவிட்டேன். வளைத்தது நான், சூடாக இருக்கும்போதே கழற்றினேன், ஏன் கழற்றினேன், எல்லாம். என்னைப் பற்றி ஏதாவது சொல்வார், திட்டாவது திட்டுவார் என்று பார்த்தேன். உன் படத்தை நிமிர்ந்து பார்த்து, "எஷ்டு தொட்ட மனுஷாரீ அவ்ரு" என்றார். எவ்வளவு பெரிய மனுஷனாம் நீ. இந்தத் தடவையும் பேர் உனக்குத்தான்.

புது மேனிஃபோல்டு இப்போது பழைய ஹெட்டின் மேல் ஆறிக்கொண்டிருக்கிறது. வெல்டிங்கும் நானேதான், இந்த வருஷம் கற்றுக்கொண்டேன். பார்க்கக் கோழி கிளறின மாதிரி இருக்கிறது, நீ இருந்தால் சிரிப்பாய். காரின் சொந்தக்காரர் சாயங்காலம் வருகிறார். கோழி கிளறினதைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அடியில் இருக்கும் நாலு துளையும் உன்னுடையதைவிட, இல்லை, என்னுடைய பழையதைவிட நன்றாக வந்திருக்கின்றன. காலை வரை நட்டைத் தொடமாட்டேன், இது சத்தியம். ஆறு கோடும் போட்டுவிட்டேன், இந்தப் பக்கம் சாய்த்து.

இன்னும் வயிறெரிந்துகொண்டு,
உன் பெண்டாட்டியின் அண்ணன், உன் மச்சான்
ஜோசப்