இடது ஓரத்தில் கசியும் காற்று

மார்ச் 3, செவ்வாய்

"சார், குழல் உடைஞ்சா வேற வாங்கலாம். உதடு கெட்டுப்போனா?" கல்லூரியில் வகுப்பெடுத்த காலத்தில் ஒரு மாணவி கேட்டாள். எதையும் அவசரமாக வாசித்து, மின்னல் என்று பெயர் வாங்கியவள். "அன்னைக்கு லீவு விட்டுடலாம்" என்றேன். வகுப்பே சிரித்தது.

போன வருடக் கடைசியில் ஒரு காலை, வாய் கொப்பளித்த தண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. முகவாதம். மூட மறுத்த கண் இப்போது மூடுகிறது, பேச்சும் தெளிந்துவிட்டது. ஆனால் குழலை வைத்து ஊதினால் இடது ஓரத்தில் காற்று கசிகிறது. பஞ்சரான டியூப்பைத் தண்ணீரில் முக்கினால் ஓர் இடத்தில் குமிழி வருமே, அதுதான் என் வாய்.

மே மாதம் புது அரங்கத்தில் என் இசைக்கோவையை முதல்முறையாக வாசிக்க வேண்டும். நான்கு வயலின்கள், ஒரு குழல். குழல் நான். ஓய்வு பெற்ற பிறகு எழுதியதில் உருப்படியானது இது ஒன்றுதான்.

மார்ச் 9, திங்கள்

பிசியோதெரபி அம்மா கண்டிப்பானவர். "சார், இது ஜிம் இல்ல. கண்ணாடி முன்னாடி பாதி சிரிப்பு, மெதுவா. அவ்வளவுதான். குழலை நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

"தொடலேன்னா மே மாசம்?"

"மே மாசம் அடுத்த வருஷமும் வரும்."

மார்ச் 10

தொட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

மனைவி வங்கிக்குக் கிளம்பியதும் வீடு எனக்கு. கதவைச் சாத்திக்கொண்டு ஊதுகிறேன். சுரம் வரவில்லை என்று எந்த மாணவர் வந்து நின்றாலும் நான் கொடுத்த மருந்து ஒன்றே: இன்னும் ஊது. அதை எனக்குக் கொடுக்காமல் இருப்பேனா? இன்று உதட்டை இறுக்கி அழுத்திப் பார்த்தேன். கசிவு குறைந்தது. மந்தர சுரம் ஒன்று நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. குழந்தை மாதிரி அறைக்குள் நடந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலை டீ சூடாக இருந்தது. ஊதினேன்.

மனைவி சிரித்தாள். "என்னங்க, கட்டிக்கிட்டு இவ்வளவு வருஷம் கழிச்சுக் கண்ணடிக்கிறீங்க?"

நான் கண்ணடிக்கவில்லை. மறுபடி ஊதினேன். இடது கண் தானாக மூடிக்கொண்டது. இன்னொரு தடவை. மூடியது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு டம்ளரை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நான் இல்லாதப்போ ஊதினீங்களா?"

டீ ஆறிப்போயிற்று.

ஏப்ரல் 21, செவ்வாய்

பிசியோதெரபி அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறி இணைந்திருக்கிறதாம். உதட்டுக்குப் போகும் கட்டளை கண்ணுக்கும் போகிறது. ஒரு வகுப்புக்கு அடித்த மணிக்குப் பக்கத்து வகுப்பும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் போல. கண்ணோடு கன்னமும் இழுக்கிறது. கன்னம் இழுத்தால் உதட்டின் அமைப்பு மாறிவிடும், சுரம் போய்விடும்.

"நான் ஊதினதாலயா?"

"அதனால மட்டும்தான்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா அதுவும் சேர்ந்திருக்கும்."

"சரியாகுமா?"

"பேச, சாப்பிட, சிரிக்க... அதெல்லாம் நல்லா வந்துடும்." அந்தப் பட்டியலில் குழல் இல்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

எவ்வளவு ஒழுங்கா, ஒரு நாள் விடாம, பார்த்துப் பார்த்துக் கெடுத்து வச்சிருக்கேன்!

ஏப்ரல் 27, திங்கள்

என் இடத்தில் வாசிக்க மின்னல் ஒத்துக்கொண்டாள். இப்போது பெரிய வாத்தியக் குழுவில் இருக்கிறாள், முன்முடி நரைத்துவிட்டது. இரவே போன்.

"சார், நாலாவது பக்கத்துல மூச்சு எடுக்க இடமே இல்லையே. நீங்க என்ன மீனா?"

"எனக்கு வந்துச்சே."

வயலின்கள் ஓய்ந்து குழல் மட்டும் தனியே போகும் இடம் அது. என் நெஞ்சளவுக்குத் தைத்த சட்டை. அவளுக்கு எப்படிப் பொருந்தும்?

"நடுவுல ஒரு இடத்துல வெட்டிக்கோ" என்றேன்.

"எங்க வெட்டட்டும்?"

"உனக்கு எங்க முடியலையோ அங்க."

மே 8, வெள்ளி

நன்றாக வாசித்தாள். நான்காவது பக்கத்தில் மூச்சு எடுத்தது முன்வரிசையில் எனக்குக் கேட்டது. வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அது நன்றாக அமைந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எங்காவது தடுமாறமாட்டாளா என்றுகூட ஒரு கணம் காத்திருந்தேன். எழுதவே கூசுகிறது.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். புகைப்படக்காரர், "ஐயா, இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்றார்.

இருந்தது அவ்வளவுதான்.

ஜூன் 15, திங்கள்

அரங்கத்துச் செயலாளர் புதிதாக ஒன்று எழுதித் தரச் சொல்கிறார். "வாசிக்கத்தானே முடியல, எழுதலாமே?" நியாயமான பேச்சு. ஒரு வாரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். தாள் வெள்ளையாக இருக்கிறது. குழலை உதட்டில் வைத்து, விரல் போன போக்கில் ஊதி, பிறகு எழுதியவன் நான். எழுதியது கை இல்லை போலிருக்கிறது.

இயலாது என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் சனிக்கிழமை ஆரம்ப வகுப்பையாவது எடுங்கள் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். சரி என்றேன்.

ஜூன் 20, சனி

ஆறேழு பேர், எல்லாரும் வளர்ந்தவர்கள். வாசித்துக் காட்டியே பாடம் நடத்தியவனுக்கு வெறும் வாய்ப்பேச்சு சப்பென்றிருந்தது. தையல் கடை வைத்திருக்கும் அம்மா கேட்டார்: "சார், ஒரு தரம் நீங்க ஊதிக் காட்டுங்களேன்."

"எனக்கு இனிமே வராதும்மா."

யாரிடமும் இதுவரை இப்படிச் சொன்னதில்லை. அந்த அம்மா, "அப்ப சொல்லுங்க, செய்யறோம்" என்றார். சொன்னேன். சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

குழல் வேண்டாம். உள்ளங்கையை முகத்துக்கு எதிரே பிடியுங்கள். உதடுகளை லேசாகச் சேர்த்து, நடுவில் ஓர் அரிசி நுழையும் அளவு இடைவெளி விட்டு ஊதுங்கள். உள்ளங்கையின் நடுவில் மட்டும் குளிர வேண்டும். சிதறினால், இறுக்காதீர்கள். கன்னத்தைத் தளர விட்டு மறுபடி ஊதுங்கள்.